ஊசி பார்க்கப் போன நாலு நாள்

தேனி பஸ் நிலையத்தில் இறங்கிய ஐந்தாவது நிமிடம் என் தொப்பி போய்விட்டது. திருடு இல்லை, காற்று. ஆடி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கி வந்து, என் தலையில் இருந்ததைத் தூக்கி, கிளம்பத் தயாராக நின்ற போடி பஸ்ஸின் கூரையில் வைத்தது. பஸ்ஸும் உடனே கிளம்பிவிட்டது. நான் வேலை பார்க்கிற சிங்கப்பூரில் காற்று இந்த அளவுக்கு உரிமை எடுத்துக்கொள்ளாது. பிறந்து வளர்ந்த திருவாரூர்ப் பக்கத்தில் காற்றென்றால் புயல், அதையும் ரேடியோவில் முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள்.

நான் சுற்றிப் பார்க்க வரவில்லை. கோம்பையில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் மாமனார் சுருளிச்சாமி, ஒரு மாதத்துக்கு முன் கொடிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே உட்கார்ந்து ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறார். தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். அங்கே வியாழக்கிழமை தோறும் மதுரையிலிருந்து ஒரு டாக்டர், வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் குழாயைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருவார். அவர் பார்த்துவிட்டு விஷயத்தைப் பளிச்சென்று சொன்னாராம். கல்லீரலுக்குப் போகிற பாதை அடைத்திருக்கிறது. போக இடமில்லாத ரத்தம் உணவுக்குழாயின் அடியில் இருக்கிற நரம்புகளில் ஏறி அவற்றைப் புடைக்க வைத்திருக்கிறது. வாய்க்காலில் மண் விழுந்தால் தண்ணீர் வரப்பை உடைக்காதா, அந்த மாதிரி. குழாய் வழியாகவே அந்த நரம்பில் ஊசி போட்டுச் சுருங்க வைக்க வேண்டும். ஒரு தடவையில் ஆகாது, நாலைந்து தடவை வர வேண்டும். போடாமல் விட்டால் மறுபடி எந்த நிமிடமும் வெடிக்கும், அப்போது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரம் இருக்காது.

மாமனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, என் மருமகன் சிங்கப்பூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவர் வந்து எந்த ஊசி என்று பார்த்துச் சொல்லட்டும் என்று சொல்லி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று சாயங்காலமே எஸ்டிடி பூத்திலிருந்து எனக்கு போன். என் மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்து நான் வந்து சேர இரண்டரை வாரம் ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன், பொய்யில்லை. அங்கே லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். பெண் பார்க்க வந்தபோது 'ஆஸ்பத்திரி டெக்னீசியன்' என்று சொன்னேன், யாரும் மேலே கேட்கவில்லை, நானும் கீழே இறங்கவில்லை. எட்டு வருடமாக இந்தக் குடும்பத்தில் யாருக்குத் தலைவலி வந்தாலும் எனக்கு போன் வரும், நான் 'நல்லா தண்ணி குடிங்க' என்பேன், அதுவும் சரியாகிவிடும். இந்த முறை தண்ணீரில் தீராது என்பது எனக்கு விமானத்திலேயே தெரிந்துவிட்டது.

என்னை அழைத்துப்போக ஒரு ஜீப் வந்திருந்தது. கேரள மலையில் ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப். மலையில் மழை என்பதால் சும்மா நிற்கிறது என்று மாமனார் நாலு நாளைக்குப் பிடித்திருந்தார். டிரைவர் பெயர் பால்பாண்டி. வழக்கமாகப் பதினாறு பேர் ஏறுவார்களாம், நான் ஒருத்தன் மட்டும் உட்கார்ந்ததில் வண்டி ரோட்டில் நிற்காமல் துள்ளுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். என் பக்கத்துக் கதவைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். பழனிசெட்டிபட்டியில் வண்டி நின்றது. அவர் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. நான் இறங்கித் தள்ளினேன். தள்ளி முடித்த இடத்தில் தள்ளுவண்டிக்காரர் ஒருவர் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார். வெல்லமும் சுக்கும் போட்டுச் சூடாக இரண்டு டம்ளர் குடித்ததும் ஜீப்பை மன்னித்துவிட்டேன்.

கோம்பை வீட்டு வாசலில் மாமனாரின் நாய் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. கோம்பை நாய்க்கு ஊரெல்லாம் பேர். அந்தப் பேரைக் காப்பாற்ற அது என் இடது கால் ஷூவைக் கொண்டுபோய்விட்டது. நாலு நாளும் நான் ரப்பர் செருப்பில் திரிந்தேன்.

மாமனார் இளைத்திருந்தார். காரம் ஆகாது, கடினமாக எதுவும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் குழைந்த சோற்றில் மோரை ஊற்றி, அதைத் தண்டனை மாதிரி தின்றுகொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை மனிதர். ஆனால் ரத்த வாந்தி என்றதும் ஊர் முடிவு கட்டிவிட்டது, சுருளிச்சாமி தோட்டத்தில் ஒளித்து வைத்துக் குடித்திருக்கிறார் என்று. எங்கே ஒளித்திருப்பார் என்று இரண்டு பேர் பம்ப்செட் ரூமை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

சாப்பிட்டு முடித்ததும் தன் திட்டத்தைச் சொன்னார். நலம் விசாரிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஊசியைச் சொல்லியிருக்கிறார்கள். தேனியில் போடுவது ஒன்று, கேரளாவில் போடுவது ஒன்று, மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்று. மூன்றும் வேறு வேறு மருந்து.

"வெதை வாங்கப் போனா பாக்கெட்டப் பாத்தா மாப்ளே வாங்குவோம்? வெளைஞ்ச தோட்டத்தப் போயிப் பாத்துட்டுல்ல வாங்குவோம். ஊசி போட்ட ஆளுகள நேர்ல பாத்துருவோம். நீங்க கூட இருந்து நல்லது கெட்டது சொல்லுங்க."

லிஃப்ட் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை, அதாவது மாமியார், என் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றி, ஆஸ்பத்திரிக்காரர் வந்துவிட்டதால் இனிக் கவலையில்லை என்று பெருமூச்சு விட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

அத்தைக்கு வேறு கவலை. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. டிரைவரைக் கணக்கில் சேர்க்கலாமா என்று அரை மணி நேரம் பேச்சு நடந்தது. சேர்த்தால் நானும் வீட்டுக்குள் வந்து சாப்பிடுவேன் என்று பால்பாண்டி நிபந்தனை போட்டார். சேர்த்துக்கொண்டோம். வெறுங்கையோடும் போகக் கூடாது என்பதால் ஒரு எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், தோட்டத்துப் பன்னீர் திராட்சை. கூடவே ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கு. அது எங்களுக்கு இல்லை. ஊசி போட்ட ஆளுக்குத் தொண்டையில் எப்படி இறங்குகிறது என்று பார்க்க. மருத்துவ ஆராய்ச்சிக்கு முறுக்கு சுட்ட மாமியார் உலகத்தில் என் மாமியார் ஒருத்தராகத்தான் இருப்பார்.

செவ்வாய்க்கிழமை தேவதானப்பட்டி. ராமையா என்று ஒருவர், தேனி டாக்டரிடம் ஊசி போட்டவர். தெருவில் இறங்கித் தட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டைக் கேட்டதும், குழாயடியில் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஆடி மாசத்திலா வருகிறார்கள், அவசரம் போல என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் ஏகப்பட்ட மரியாதை. பாய் விரித்தார்கள், பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வந்தது, உள்ளே ரவை வறுக்கிற வாசனை. ராமையா சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று மாமனார் கேட்டார். கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது, இதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை, எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் நோய் கிடையாது என்றார் ராமையா. மாமனார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தொண்டையில் ஏதாவது என்று மாமனார் மெல்ல இழுத்தார். தொண்டையா, நான் கூப்பிட்டால் பெரியகுளத்தில் கேட்கும் என்றார் அவர். சரி, சோதனையை ஆரம்பிப்போம் என்று மாமனார் தூக்குவாளியைத் திறந்து ஒரு முறுக்கை நீட்டினார். மனிதர் ஒன்றல்ல, நாலு முறுக்கைக் கடகடவென்று கடித்துத் தின்றார். மாமனார் காதைப் பக்கத்தில் கொண்டுபோய் விழுங்குகிற சத்தத்தைக் கேட்டார். அதையும் ராமையா பொறுத்துக்கொண்டார். பெண்ணைப் பெற்றவர், எதையும் பொறுக்கத்தான் வேண்டும்.

அப்போதுதான் உள்ளேயிருந்து பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் கேசரித் தட்டோடு வந்து நமஸ்காரம் பண்ணினாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வழுக்கையை அந்தப் பெண் பார்த்த பார்வையில் அவளுக்கு அழுகை வராதது ஆச்சரியம்.

அத்தைதான் நிலைமையைக் காப்பாற்றினார். எங்களுக்குப் பையனே கிடையாது, ஒரே பெண், இவர் அவளைக் கட்டியவர், ஊசியைப் பற்றி விசாரிக்கத்தான் வந்தோம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்தப் பெண் கேசரியை வைத்துவிட்டுத் துள்ளி உள்ளே ஓடினாள். ராமையா சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, இதை வாசலிலேயே சொல்லியிருந்தால் நாலு முறுக்கு மிச்சம் என்று நெஞ்சைத் தடவினார். அப்புறம் தன் வியாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர் ஒன்றரை மணி நேரம் நிறுத்தவில்லை.

அவருக்கு ஐந்து தடவை போட்டார்களாம். போட்டதும் நெஞ்சுக்குள் தீயை வைத்த மாதிரி இருக்கும், இரண்டு நாள் எச்சில் விழுங்க முடியாது, மூன்றாம் நாள் சரியாகிவிடும். இப்போது ஒரு வருடமாக ஒன்றும் இல்லை. என்ன மருந்து என்று மாமனார் கேட்டார். ராமையா குரலைத் தாழ்த்திக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்.

"சாராயந்தேன். தண்ணி கலக்காத சுத்தமான சரக்கு. நான் குடிச்சுத்தேன் இந்த நோவு வந்துச்சுன்னு டாக்டர் என்னைய சத்தியம் பண்ணி விடச் சொன்னாக. விட்டேன். விட்டவனுக்கு அவுகளே நேரா நரம்புல ஊத்துறாக."

ஜீப்பில் திரும்பினோம். பெரியகுளம் தாண்டியதும் மாமனார், அறுபது வருடம் தொடாததைக் கடைசியில் ஊசி வழியாக ஏற்றிக்கொண்டு போனால் ஊர் சொன்னது உண்மையாகிவிடும், தேனி ஊசி வேண்டவே வேண்டாம் என்று அறிவித்தார். நான் டெக்னீசியன் முகத்தோடு, யோசிக்க வேண்டிய விஷயம்தான் என்றேன். அதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

புதன்கிழமை பக்கத்தில்தான், உத்தமபாளையம். மைமூன் பீவி என்ற அம்மாவுக்குக் கேரளாவில் ஊசி போட்டிருந்தது. தட்டைக் கண்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார், தன் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்பது ஒரு ஆடுதான் என்றார். பால்பாண்டி உள்ளே வந்து முதல் ஆளாக உட்கார்ந்தார். இடியாப்பம், ஆட்டுக்கறிக் குழம்பு, அதற்கு மேல் ஒரு முட்டை. சிங்கப்பூரில் எங்கள் பேட்டைக் கடையில் இதே குழம்பு என்று ஒன்று ஊற்றுவார்கள், அதைக் குழம்பு என்று சொன்னதற்கு நான் மைமூன் அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மாமனாருக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் மட்டும். எங்கள் மூன்று பேர் இலையையும் அவர் மாறி மாறிப் பார்த்தது இருக்கிறதே, ஒரு வாய் எனக்கு இறங்கவில்லை. இரண்டாவது வாயிலிருந்து இறங்கிவிட்டது.

முறுக்கைக் கொடுத்தோம். மைமூன் அம்மா அதை டீயில் முக்கி, ஊறவைத்து, ஒரு பல்லியைப் போல நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு விழுங்கினார். ஊசி போட்ட இடத்தில் புண் ஆறும்போது உணவுக்குழாய் சுருங்கிவிட்டதாம். இப்போது அதை அகலமாக்க மறுபடி மறுபடி மலையேறிப் போய் வருகிறார். ஆனால் அந்த டாக்டரை விட்டுக்கொடுக்கவில்லை. தங்கமான மனுஷன், ஒவ்வொரு தடவையும் 'பேடிக்கண்டா, பேடிக்கண்டா' என்பார், பயப்படாதே என்று மலையாளத்தில் அர்த்தம், சொல்லிக்கொண்டே ஊசியை எடுப்பார், இப்போது அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கைகால் நடுங்குகிறது என்றார். மருந்து ஏதோ எண்ணெய்ச் சத்திலிருந்து எடுத்ததாம். ரத்தம் நின்றதா என்று மாமனார் கேட்டார். அது அன்றைக்கே நின்றது, ரெண்டு வருஷமாயிற்று என்றார் அவர். அந்தப் பதிலை மாமனார் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அவருக்கு அந்த டீயில் ஊறிய முறுக்கு மட்டும் மனதில் நின்றுவிட்டது.

ஜீப்பில் ஆராய்ச்சி தொடர்ந்தது. மூன்றாவது, மதுரையில் போடுகிற ஊசி. அது சோப்பு மாதிரி நுரைக்கிற மருந்து என்று ஊரில் முடிவெட்டுகிறவர் சொல்லியிருக்கிறார். மாமனாருக்குப் பொறி தட்டியது. வேப்பெண்ணெயில் சோப்பைக் கரைத்துத்தானே கொடிக்கு அடிக்கிறோம், பூச்சி கொத்துக் கொத்தாய் விழுகிறதே, அப்படியானால் கேரளா மருந்தையும் மதுரை மருந்தையும் கலந்து போடச் சொன்னால் என்ன என்று என்னைக் கேட்டார். எத்தனை லிட்டருக்கு எத்தனை மில்லி என்று பால்பாண்டி கேட்டார். நான் மையமாகத் தலையை ஆட்டினேன். அது ஆமாம் என்றும் படும், இல்லை என்றும் படும். எட்டு வருடத்தில் பழகிய வித்தை.

அன்று சாயங்காலம் மாமனார் வாய் கொப்பளிக்கும்போது இரண்டு தடவை துப்பிய தண்ணீரைக் குனிந்து பார்த்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் நேராக நிமிர்ந்து, பல்லில் பாக்கு என்றார். அவர் பாக்கு போடுவதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கூடலூர். செல்லத்துரை என்று ஒரு திராட்சைக்காரர், மதுரையில் சோப்பு ஊசி போட்டவர். ஒரே ஊசியில் எழுந்து, சித்திரைத் திருவிழாவில் ஆடினாராம், பிரியாணி சாப்பிட்டாராம், முடிவெட்டுகிறவர் நேரில் பார்த்தவர். மாமனார் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் தெளிவு. தன் தோட்டத்துத் திராட்சையைத் தட்டின் நடுவில் அவரே அடுக்கினார். இன்னொரு விவசாயியிடம் காட்டப்போகிறோம் என்ற கௌரவம். மலையடிவாரத்தில் காற்று பிய்த்து எடுத்தது, வெற்றிலை பறக்காமல் இருக்க அத்தை வழியெல்லாம் உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்தது ஒரு அம்மா. செல்லத்துரை அண்ணன் இருக்கிறாரா என்று மாமனார் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த அம்மா எங்களையும் தட்டையும் பார்த்தார். அவர் நெற்றி வெறுமையாக இருப்பதை அத்தைதான் முதலில் பார்த்தார், சட்டென்று முந்தானையை இழுத்துத் தட்டை மூடினார்.

அவர் போய் ஒரு மாதம் ஆயிற்று என்றார் அந்த அம்மா. பெயர் முத்துலட்சுமி. உள்ளே வந்து உட்காரச் சொன்னார். வந்த காரியத்தை அத்தைதான் தட்டுத் தடுமாறிச் சொன்னார்.

"ஊசியக் குத்தம் சொல்ல மாட்டேன்" என்றார் முத்துலட்சுமி. "நல்ல ஊசிதேன். போட்டு வந்து சிங்கம் மாதிரி இருந்தாக. அடுத்த தேதி குடுத்துவிட்டாக, அன்னைக்குத் தோட்டத்துல காய் வெட்டு. வெட்டு முடியட்டும்னாக. அப்புறம் கொடி கவாத்து முடியட்டும்னாக. அம்புட்டுத்தேன்."

பிறகு மாமனாரை நேராகப் பார்த்துக் கேட்டார், நீங்கள் எத்தனை தடவை போட்டாயிற்று என்று. இன்னும் போடவில்லை, எது நல்லது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார் மாமனார். எத்தனை நாளாக என்றார். மூணு வாரமாக என்றார் இவர், பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பிய பிள்ளை மாதிரி.

முத்துலட்சுமி எழுந்து நின்றார்.

"மூணு வாரம் உங்கள விட்டு வச்சிருக்கு. எந்திரிங்கண்ணே. காப்பி போட மாட்டேன். வீட்டுக்கு வந்தவுகளத் தண்ணி குடுக்காம அனுப்புனா பாவம்பாக, அந்தப் பாவம் எனக்குக் கெடக்கட்டும். கெளம்புங்க."

நாலு நாளில் எங்களைச் சாப்பிடச் சொல்லாத ஒரே வீடு அது. பால்பாண்டிகூட எழுந்துவிட்டார். வாசலில் அத்தை அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாமனார் ஏற்கெனவே ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"தேனிக்கு விடுப்பா" என்றார். "இன்னைக்கு வியாழக்கெழம. நாலு மணி வரைக்கும் டாக்டர் இருப்பாக."

தேனியில் சாராய ஊசியாயிற்றே என்று நான் மெதுவாக நினைவுபடுத்தினேன். இருக்கட்டும், பக்கத்தில் இருப்பது அதுதான் என்றார்.

கம்பம் தாண்டுவதற்குள் எனக்குத் தாங்கவில்லை. மூன்று வாரத்தில் இரண்டரை வாரம் எனக்காகக் காத்திருந்த வாரம். அந்த மனிதருக்கு வழியில் ஒன்று ஆகியிருந்தால் என் பெண்டாட்டி முகத்தில் நான் எப்படி விழிப்பது? சொல்லிவிட்டேன். மாமா, நான் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், எனக்கு ஊசியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். பால்பாண்டி பிரேக் போட்டார், அது பிடிக்கவில்லை, நல்லவேளை.

மாமனார் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மாப்ளே. பொண்ணு குடுக்குறதுக்கு முந்தி விசாரிக்காமலா இருப்போம்?"

அப்புறம் எதற்கு என்னை அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று.

"நீங்க வந்து சேர ரெண்டு வாரமாவது ஆகும்ல" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பயம் மாப்ளே. அம்புட்டு நீளக் குழாய வாய்ல விட்டாக பாருங்க, அன்னைக்கே பயந்துட்டேன். அறுபது வயசுல யார்ட்டப் போயிச் சொல்ல?" என்றார்.

அத்தை அவர் தோளில் இருந்த துண்டைச் சரி செய்தார். எனக்கு அவர் மேல் அதற்கு முன் அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

சின்னமனூரில் ஜீப் நின்றது. தள்ளினோம், நகர்ந்தது, கிளம்பவில்லை. மணி மூன்று. அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார். மாமனார் இறங்கித் தள்ளப் பார்த்தார், மூன்று பேரும் சேர்ந்து அவரை உள்ளே வைத்து அமுக்கினோம். கடைசியில் தேனி மார்க்கெட்டுக்குப் போகிற வாழைத்தார் வண்டி ஒன்று நிறுத்தியது. பால்பாண்டியை ஜீப்போடு விட்டுவிட்டு மாமனாரை முன்னால் உட்கார வைத்தோம். நானும் அத்தையும் பின்னால் தார்களுக்கு நடுவில். வீரபாண்டியில் ஒரு பசுமாடு எங்கள் வண்டியைப் பின்தொடர்ந்து ஓடி வந்து என் சட்டைக்குப் பக்கத்தில் இருந்த இலையை இழுத்தது, சட்டையோடு. அத்தை அதற்கு ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார். அந்த அவசரத்திலும் உரித்துத்தான் கொடுத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் குழாயைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார். கார் கதவில் கை. சின்ன வயசுக்காரர், மதுரை போய்ச் சேர வேண்டிய அவசரம் முகத்தில் தெரிந்தது. மாமனாரைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. எத்தனை வியாழக்கிழமை காத்திருந்தேன், ஊசிகளை எல்லாம் ஒப்பிட்டு முடித்துவிட்டீர்களா, எது முதல் பரிசு என்று கேட்டார். என் தலையிலும் அத்தை தலையிலும் வாழைச்சருகு. மாமனார் கையைக் கட்டிக்கொண்டு, எது உங்கள் கையில் இருக்கிறதோ அதைப் போடுங்கள் சாமி என்றார். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திரும்ப உள்ளே எடுத்துப்போகச் சொன்னார்.

நான் கேட்காமலே, உள்ளே போகிற வழியில் எனக்கு இரண்டு வார்த்தை சொன்னார். மூன்று மருந்துமே நரம்பைச் சுருங்க வைப்பவைதான், ஒன்றில் எரிச்சல் கூட, ஒன்றில் புண் கூட, இப்போது பெரிய ஊர்களில் ஊசியே இல்லாமல் ரப்பர் வளையம் மாட்டுவதும் வந்துவிட்டது, அது இதைவிட மேல். ஆனால் வந்து படுத்தவருக்குத்தான் எதுவும் வேலை செய்யும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு நாளும் ஒரு தூக்குவாளி முறுக்கும் செலவாகியிருந்தது.

உள்ளே இருபது நிமிடம் ஆயிற்று. கதவுக்கு வெளியே அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டு வருடத்தில் மருமகன் கையை அவர் பிடித்தது அதுதான் முதல் தடவை. நடுவில் ஒரு முறை மாமனார் இருமுகிற சத்தம் கேட்டது. அப்போது அத்தையின் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தபோது மாமனார் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முகத்தில் ஸ்பிரிட் வாடை. பேசக் கூடாது என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே வந்தார். இவர் விரலால் டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் குனிந்தார். எரிகிறதா என்று கேட்டார். இவர் இல்லை என்று தலையை அசைத்துவிட்டு, கரகரத்த குரலில் கேட்டது ஒன்றே ஒன்று.

"அடுத்தது எப்ப?"

இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை என்றார் டாக்டர். அத்தை விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, அன்றைக்குத்தானே நம் தோட்டத்தில் வெட்டுக்கு ஆள் சொல்லியிருக்கிறது, வியாபாரி வேறு வருகிறாரே என்று வாய் தவறிச் சொன்னார். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டே, நர்ஸ் தடுக்கத் தடுக்கச் சொன்னார்:

"காய் கொடியிலயே கெடக்கட்டும். அழுகுனாலும் சரி. என்னைய மொதல்ல இங்கன கொண்டாந்து போடுங்க."